எண்ணெய்க் கசிவுக்கு யார் பொறுப்பு? பொது விவாதத்தை நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

எண்ணெய்க் கசிவைப் பற்றிய கூட்டம் எங்கு நடந்தாலும், தொடங்கி அரை மணி நேரத்துக்குள் ஒருவர் எழுந்து, "நாம் எல்லோரும்தானே வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறோம், கேஸ் அடுப்பில் சமைக்கிறோம், பிறகு கம்பெனியை மட்டும் குறை சொல்வது எப்படி நியாயம்?" என்று கேட்பார். கேட்பவர் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். அவர் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி வந்த பிறகு பேச்சு மெல்லத் தடம் மாறிவிடும். எண்ணெய் ஒட்டிய வலையைக் கழுவ வழியில்லாமல் கைவிட்ட மீனவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவை முழுவதும் இருசக்கர வாகனத்தை விட்டுவிட்டுப் பேருந்தில் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். கூட்டம் முடியும்போது எல்லோரும் பொறுப்பாளிகள் என்ற உணர்வு மட்டும் மிஞ்சி, யாரிடம் எதைக் கேட்பது என்பது தெரியாமலே கலைந்து போவார்கள்.

அப்படி நேராமல் விவாதத்தை எப்படி நடத்துவது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். கல்லூரி மன்றம், குடியிருப்போர் நலச் சங்கம், கிராம சபை, மீனவர் பஞ்சாயத்து, நூலக வாசகர் வட்டம் ஆகிய எதற்கும் இது பொருந்தும். எண்ணெயைச் சிந்தியவரின் பொறுப்பையும் எண்ணெயைச் சார்ந்து வாழும் சமூகத்தின் பொறுப்பையும் ஒரே கூட்டத்தில் பேச முடியும், பேசவும் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கரைக்க இடம் கொடுக்கக் கூடாது.

கேள்வியை மூன்றாகப் பிரிப்பது

தமிழில் 'பொறுப்பு' என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. ஒரு துறையைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரியும் அதற்குப் பொறுப்பு. நடந்த தவற்றுக்கு ஈடு கொடுக்க வேண்டியவரும் பொறுப்பு. வீட்டுச் சுமையைத் தாங்கும் மூத்த மகளையும் பொறுப்பானவள் என்கிறோம். பொறுத்தல், அதாவது சுமத்தல், என்ற வேரிலிருந்து வந்த சொல் என்பதால் இந்த மூன்று பொருளும் அதற்குள் இயல்பாக அமைந்துவிட்டன. கூட்டத்தில் சண்டை மூள்வதற்குப் பாதிக் காரணம், ஒருவர் ஒரு பொருளில் சொன்னதை மற்றவர் வேறு பொருளில் கேட்டுக்கொள்வதுதான். ஆகவே கூட்டத்தை நடத்துபவர் தொடக்கத்திலேயே பலகையில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாக எழுதிவிட வேண்டும். இந்த எண்ணெய் யாருடைய கையிலிருந்து சிந்தியது? சிந்தாமல் பார்த்துக்கொள்ளவும், சிந்தியவுடன் தடுக்கவும் கடமைப்பட்டிருந்தவர் யார்? இவ்வளவு எண்ணெய் இந்தக் கரைக்கு ஏன் வந்துகொண்டே இருக்கிறது?

முதல் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் சிலரே. அவர்களிடம் கேட்க வேண்டியது பணமும் சீரமைப்பும். இரண்டாவது கேள்வி அரசுத் துறைகளையும் துறைமுகத்தையும் ஒழுங்குமுறை அமைப்புகளையும் நோக்கியது. அவர்களிடம் கேட்க வேண்டியது விளக்கமும் நடைமுறை மாற்றமும். மூன்றாவது கேள்வியில்தான் பெட்ரோல் போடும் நாமும் வருகிறோம். எழுந்து பேசுபவர் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார் என்பதை நடத்துபவர் ஒவ்வொரு முறையும் பலகையில் சுட்டிக் காட்டினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை

உண்மைகளைத் திரட்டாமல் கூட்டம் போடாதீர்கள். எந்த வகை எண்ணெய், எங்கிருந்து வந்தது, யார் முதலில் கண்டார், அதிகாரப்பூர்வமான முதல் அறிவிப்பு என்ன சொன்னது, எந்த நாளில் அது மாறியது, எந்த நீர்வழியில் எங்கே போய்ச் சேர்ந்தது, அந்த நீரில் யார் யார் பிழைக்கிறார்கள் என்பவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றில் முதல் அறிவிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. அது ஏன் என்பதற்கு எண்ணூரின் இரண்டு நிகழ்வுகளே போதும்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்ற பெட்ரோலியக் கப்பலும் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் இல்லை என்றே துறைமுகத்தின் முதல் அறிவிப்பு சொன்னது. ஆனால் அடுத்த சில நாள்களில் கறுப்புக் குழம்பு கரையில் திரண்டது. உறிஞ்சு எந்திரங்களால் அந்தக் கெட்டிக் குழம்பை இழுக்க முடியாமல், தொழிலாளர்களும் மாணவர்களும் மீனவர்களும் வாளிகளால் அள்ளினார்கள். சிந்தியது அந்தப் பெட்ரோலியக் கப்பல் விற்பனைக்கு ஏற்றி வந்த சரக்கு அன்று. கப்பலின் சொந்த எந்திரத்துக்கான கனரக எரிபொருள். இது சிறிய விவரம் போலத் தோன்றலாம். ஆனால் எந்தச் சட்டம் பொருந்தும், எந்தக் காப்பீடு பணம் கொடுக்கும், எவ்வளவு காலம் அது மணலில் தங்கும் என்பவை எல்லாம் எண்ணெயின் வகையைப் பொறுத்தவை. பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடும். கனரக எரிபொருள் பாறையிலும் வலையிலும் ஆமை ஓட்டிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் பெருமழையோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களில் படகும் வலையும் வீட்டுச் சுவரும் எண்ணெய்க் கறை படிந்தன. கூழைக்கடாக்கள் எண்ணெய் ஒட்டிய சிறகுகளோடு நின்றதை அந்நாள்களின் படங்களில் பார்த்தோம். மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனம் தன் குழாய்களில் கசிவு எதுவும் இல்லை என்று சொன்னது. நிறுவன வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லாததால், அங்கிருந்த எண்ணெய் மழைநீரோடு கால்வாய்க்கு அடித்துச் செல்லப்பட்டது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

இந்த இரண்டு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். 'குழாயில் கசிவு இல்லை' என்பதும் 'வளாகத்திலிருந்து எண்ணெய் வந்தது' என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும், இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். குழாய் உடையாமலே தரையிலும் தொட்டிகளிலும் வடிகால்களிலும் தேங்கிய எண்ணெய் வெள்ளத்தோடு வெளியேறலாம். கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொன்னது போன்ற தோற்றத்தை ஏற்படுத்தும் அறிவிப்புகளை அடையாளம் காண்பது இந்த வேலையின் முக்கியமான பழக்கம். அதனால்தான் அறிவிப்புகளைச் சொல் மாறாமல், தேதியோடு எழுதி வைக்கச் சொல்கிறேன். ஊர் மக்கள் எடுத்த படங்களையும் இடம், நாள், நேரத்தோடு சேர்த்து வையுங்கள். படத்தை எடுத்தவரின் பெயரைப் பொதுவில் வெளியிடுமுன் அவருடைய ஒப்புதலைக் கேளுங்கள், ஏனென்றால் அதே ஆலையில் அவருடைய தம்பி ஒப்பந்த வேலையில் இருக்கக்கூடும்.

பொறுப்பைப் பங்கிடுவது

பொறுப்பு பலருக்கு என்றால் யாருக்கும் இல்லை என்று ஆகிவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அது அப்படி ஆக வேண்டியதில்லை என்பதற்கு மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் நடந்ததைப் போல விரிவாகப் பதிவான சான்று வேறொன்று இல்லை. கூட்டத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி இதை விளக்கிச் சொல்லுங்கள்.

அந்த ஆண்டு ஏப்ரல் 20 இரவு 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற துளையிடும் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கடலடிக் கிணறு அடைக்கப்பட்டது ஜூலை 15 அன்று. 87 நாள் எண்ணெய் பீறிட்டது. கிணற்றின் உரிமையும் திட்டமும் பெரும்பான்மையாகப் பிபி என்ற பிரிட்டன் எண்ணெய் நிறுவனத்துடையவை. மேடையும் அதன் பணியாளர்களும் டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். கிணற்றின் அடியில் சிமென்ட் இட்டது ஹாலிபர்ட்டன். மே மாதம் அமெரிக்க செனட் விசாரணையில் மூன்று நிறுவனங்களின் அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வெடிப்பைத் தடுக்கும் கருவி டிரான்ஸ்ஓஷனுடையது என்று பிபியும், சிமென்ட் வேலைதான் தவறியது என்று டிரான்ஸ்ஓஷனும், பிபி கொடுத்த திட்டப்படியே செய்தோம் என்று ஹாலிபர்ட்டனும் ஒருவர் மாற்றி ஒருவர் கைகாட்டினார்கள். விவாதம் அந்த இடத்திலேயே நின்றிருந்தால், பார்த்தவர்களுக்கு எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்ற சலிப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அது நிற்கவில்லை. நீதிமன்றம் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. எண்ணெயையும் வாயுவையும் தடுத்து நிறுத்த வேண்டிய சிமென்ட் அடைப்பு தோற்றது. கிணறு உண்மையில் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையின் முடிவு எச்சரித்தது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, எல்லாம் சரியாக இருப்பதாக முடிவு செய்தார்கள். சிமென்ட்டின் தரத்தை அளக்க வந்திருந்த குழுவை அளக்காமலே திருப்பி அனுப்பினார்கள். கடைசிக் காப்பாக இருந்த வெடிப்புத் தடுப்புக் கருவியாலும் கிணற்றை அடைக்க முடியவில்லை. 2014 செப்டம்பரில் நீதிபதி கார்ல் பார்பியர், பிபியின் நடத்தை வெறும் கவனக்குறைவு அன்று, மிகக் கடுமையான அலட்சியம் என்று தீர்ப்பளித்து, பொறுப்பில் 67 விழுக்காட்டைப் பிபிக்கும் 30 விழுக்காட்டை டிரான்ஸ்ஓஷனுக்கும் 3 விழுக்காட்டை ஹாலிபர்ட்டனுக்கும் பங்கிட்டார். கடுமையான அலட்சியம் என்ற அந்த ஒரு முடிவு, சிந்திய ஒவ்வொரு பீப்பாய்க்கும் விதிக்கக்கூடிய உச்ச அபராதத்தை 1,100 டாலரிலிருந்து 4,300 டாலராக உயர்த்தியது. பிபி தன் அளவில் 2012இலேயே 11 பேரின் இறப்புக்கான குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டிருந்தது. அரசுகளுடன் 2015இல் எட்டிய உடன்பாட்டின் தொகை 2,000 கோடி டாலருக்கும் மேல்.

இதில் கூட்டத்துக்குப் பயன்படும் படிப்பினை ஒன்றுண்டு. 67, 30, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 100. தங்கள் காருக்கு அன்று பெட்ரோல் போட்ட கோடிக்கணக்கான அமெரிக்கர்களுக்கு அந்த நூற்றில் பங்கு எதுவும் இல்லை. அழுத்தச் சோதனையின் முடிவைப் படிக்கும் இடத்தில் அவர்கள் இல்லை; அளவெடுக்கும் குழுவைத் திருப்பி அனுப்பியவர்களும் அவர்கள் அல்லர். ஒரு முடிவை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அந்த முடிவின் பொறுப்பும் அவரிடமே இருக்கும். உங்கள் ஊர்க் கசிவைப் பற்றிப் பேசும்போதும் முடிவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் எடுக்கும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்று கேட்டுக்கொண்டே போங்கள். வடிகாலுக்கும் கால்வாய்க்கும் இடையே எண்ணெய் பிரிக்கும் தொட்டியின் கொள்ளளவை யார் முடிவு செய்தார்? புயல் எச்சரிக்கை வந்த நாளில் தொட்டிகளைக் காலி செய்யும் உத்தரவை யார் தந்திருக்க வேண்டும்? இப்படிக் கேட்டால் கூட்டத்திலுள்ள ஓட்டுநரும் இல்லத்தரசியும் பதில் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் வரமாட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கும் அங்கே விடை தேடினார்கள். கடலடித் துளையிடுதலைக் கண்காணித்த அமெரிக்க அரசு அமைப்பே எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து உரிமத்தொகை வசூலிக்கும் அமைப்பாகவும் இருந்தது. வருவாயும் பாதுகாப்பும் ஒரே மேசையில் இருப்பது தவறு என்று உணர்ந்து, அந்த அமைப்பைக் கலைத்துப் பணிகளைத் தனித்தனி அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். இந்தியாவில் கடலில் எண்ணெய் சிந்தினால் ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல்படையுடையது. அதற்கென ஒரு தேசியத் திட்டமும் உண்டு. துறைமுக எல்லைக்குள் துறைமுகமும், கரையில் மாநில அரசும் செயல்பட வேண்டும். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவிலுள்ள முகத்துவாரத்தில் எண்ணெய் சிந்தும்போது எந்தத் துறை முதலில் எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவைத் தடுப்பை இழுத்துக் கட்டுகிறது என்பதை எழுத்து மூலம் கேளுங்கள். எனக்கு மிகவும் கவலை தரும் இடைவெளி அந்த இடத்தில்தான் இருக்கிறது.

"நாம் எல்லோரும்தானே" என்ற வாதத்துக்கு மறுமொழி

இந்த வாதத்தைச் சொன்னவரை அவமதிக்காமல், அவர் சொன்னதில் எது சரி, எது பொருந்தாது என்று பிரித்துக் காட்ட வேண்டும். நம் மண்ணிலேயே இதற்கு ஓர் ஒப்புமை இருக்கிறது. சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் இறக்கும்போதெல்லாம் நாம் துயரப்படுகிறோம். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும் நம் வீடுகளுக்கும் அந்தத் தொழிலுக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அனுமதிக்கு மேல் மருந்தைக் குவித்தவர் யார், ஓர் அறையில் இருக்க வேண்டிய ஆள்களைவிட அதிகமானவர்களை உட்கார வைத்தவர் யார், உரிமத்தைச் சோதிக்காமல் விட்டவர் யார் என்ற கேள்விகளுக்கு, நீயும்தானே பட்டாசு வெடித்தாய் என்பது விடையாகாது. இதைச் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் புரியும், விளக்கம் தேவைப்படாது.

சார்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணூர் மீனவரிடம், உங்கள் படகும் டீசலில்தானே ஓடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஓடுகிறதுதான். துடுப்பாலும் பாயாலும் ஓடிய கட்டுமரங்களின் இடத்துக்குப் பைபர் படகும் எந்திரமும் வந்ததில் அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் பெரிய பங்குண்டு. மீனவர்களுக்கு வரிவிலக்கு டீசலை இன்றும் அரசே கொடுக்கிறது. கரையோர நீர் கெட்டுப்போகப் போக, மீனைத் தேடி இன்னும் தொலைவு செல்ல வேண்டியிருப்பதால் எரிபொருள் செலவும் கூடுகிறது. மாசு ஒருவரை எண்ணெய்ச் சார்புக்குள் ஆழமாகத் தள்ளுகிறது. பிறகு அந்தச் சார்பையே காட்டி அவருடைய வாயை அடைப்பது கொடுமை. கூட்டத்தில் இந்த வாதம் எழுந்தால் நடத்துபவர் நடுநிலை என்ற பெயரில் அமைதியாக இருக்க வேண்டியதில்லை.

பொறுப்பை நுகர்வோரின் தலையில் ஏற்றும் பேச்சு முழுவதும் தானாக முளைத்ததன்று. ஒருவருடைய நுகர்வால் வெளியாகும் கார்பனின் அளவைக் குறிக்கும் 'கார்பன் தடம்' என்ற சொல்லை 2000களின் நடுப்பகுதியில் உலகெங்கும் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்த விளம்பரங்களில் பிபியினுடையவை முதன்மையானவை. உங்கள் தடம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்க மக்களை அழைத்த அதே நிறுவனத்தின் கிணறுதான் சில ஆண்டுகளில் வளைகுடாவில் வெடித்தது. தனிமனிதர் தம் நுகர்வைக் கணக்கிடுவதில் தவறில்லை, நானும் கணக்கிட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், அதனால் யார் மீதிருந்த பார்வை விலகியது என்பதைக் கூட்டத்தில் தெரிவிப்பது அவசியம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, அந்த வாதத்தின் உண்மைப் பகுதிக்குத் திரும்பியே ஆக வேண்டும். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. மணலி ஆலை ஒன்றே ஆண்டுக்கு 105 லட்சம் டன் சுத்திகரிக்கும் திறனுடையது. அவ்வளவும் கப்பலிலும் குழாயிலும் வந்து, தொட்டியில் தங்கி, லாரியில் போகிறது. எவ்வளவு கவனமாக நடத்தினாலும் இந்த ஓட்டத்தின் எங்காவது ஓர் இடத்தில் என்றாவது கசியும். நிறுவனத்தைத் தண்டித்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறவர், அடுத்த கசிவு எந்தக் குப்பத்தில் என்று பார்க்கக் காத்திருப்பவர்தான். ஆகவே மூன்றாவது கேள்விக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு கேள்விகளின் முடிவுகளை எழுதி முடித்த பிறகே அதைத் தொடங்குங்கள். வரிசை மாறினால் முதல் கேள்வி திரும்ப வராது.

அமெரிக்காவில் நடந்தது இங்கும் எச்சரிக்கையாகும். 2010 ஜூன் 15 அன்று அதிபர் ஒபாமா ஆற்றிய உரையில், பிபி ஈடு கொடுக்க வேண்டும் என்பதையும் நாடு புதைபடிவ எரிபொருளிலிருந்து விலக வேண்டும் என்பதையும் சேர்த்தே பேசினார். மறுநாளே 2,000 கோடி டாலர் இழப்பீட்டு நிதிக்குப் பிபி ஒப்புக்கொண்டது. எரிபொருள் மாற்றத்துக்கான சட்டமோ அந்தக் கோடையிலேயே செனட்டில் கைவிடப்பட்டது. லூசியானாவில் ஒரே குடும்பத்தில் ஒருவர் இறால் பிடிப்பவராகவும் இன்னொருவர் எண்ணெய் மேடையில் வேலை செய்பவராகவும் இருந்ததால், ஆழ்கடல் துளையிடுதலை அரசு தற்காலிகமாக நிறுத்தியதற்கு அம்மாநிலத்திலேயே பெரும் எதிர்ப்பு கிளம்பியது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் வட்டாரத்தில் கூட்டம் நடத்துபவர்கள் இந்த ஒற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் வேலை பார்ப்பவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள்; அவரை எதிரியின் இருக்கையில் உட்கார வைக்காதீர்கள். வடிகால் எங்கே திறக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

யார் முதலில் பேசுவது

நிபுணர் முதலில் பேசினால், பாதிக்கப்பட்டவர் பிறகு அவருடைய சொற்களிலேயே பேச முயன்று தடுமாறுவார். எனவே மீனவர், ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர், மீன் விற்கும் பெண்கள், எண்ணெயை அள்ளிய தொழிலாளர்கள் ஆகியோர் முதலில் பேசட்டும். நிபுணருக்கும் அதிகாரிக்கும் பின்னர் நேரம் கொடுங்கள். அவர்கள் கேட்டுவிட்டுப் பேசும்போது விடைகளும் தெளிவாக இருக்கும்.

இழப்பைக் கணக்கிடும்போது கூர்ந்து கவனியுங்கள். 2023 கசிவுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சீரமைக்கத் தலா 10,000 ரூபாயும், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் அறிவித்தது. மொத்தம் 8 கோடியே 68 லட்சத்துக்குச் சற்று மேல். நிவாரணம் விரைவில் வருவது நல்லதுதான். ஆனால் குடும்பத்தையும் படகையும் அலகாகக் கொண்ட எந்தக் கணக்கிலும் சிலர் விடுபடும் அபாயம் இருக்கிறது. படகில்லாமல் ஆற்றில் இறங்கி இறால் தடவுபவரின் இழப்பு எந்தக் கட்டத்தில் வரும்? 'எண்ணூர் மீனா' என்று கேட்டுவிட்டு வாடிக்கையாளர் திரும்பிப் போகும் மாதங்களின் இழப்பை மீன் விற்கும் பெண்மணி எந்தப் படிவத்தில் எழுதுவார்? அரசு தன் நிதியிலிருந்து கொடுத்த நிவாரணமும், மாசுபடுத்தியவர் கொடுக்க வேண்டிய இழப்பீடும் வெவ்வேறானவை என்பதையும் கூட்டத்தில் ஒருமுறையாவது உரக்கச் சொல்லிவிடுங்கள். முன்னதை வாங்கியதால் பின்னதற்கான உரிமை போய்விடாது.

சட்டத்தில் பிடித்துக்கொள்ளக்கூடியவை

வழக்கறிஞர் ஒருவர் கூட்டத்தில் இருப்பது நல்லது. அவர் இல்லாவிட்டாலும் சில செய்திகளை நடத்துபவர் அறிந்திருக்க வேண்டும். டெல்லியில் ஓர் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்த வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலை நடத்துபவர் தம் தவறு எதுவும் இல்லை என்று காட்டினாலும் விளைந்த தீங்குக்கு முழுப் பொறுப்பாளியே என்றும், அதற்கு விதிவிலக்குகள் கிடையா என்றும் வகுத்தது. புயல்தான் காரணம், இயற்கைச் சீற்றம் என்ற வாதம் எழும்போது இந்தத் தீர்ப்பை நினைவூட்டுங்கள். வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றை மாசுபடுத்திய வழக்கில் 1996இல் அதே நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. அந்த ஈட்டில் மக்களுக்கான இழப்பீட்டோடு சூழலைச் சீரமைக்கும் செலவும் அடங்கும். 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இந்தக் கோட்பாட்டைப் பின்பற்றச் சொல்வதோடு, விபத்து வழக்குகளில் தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலே ஈடு வழங்க இடமளிக்கிறது. இழப்பீடும் சீரமைப்பும் கோரும் மனுவுக்கு அச்சட்டம் தரும் கால வரம்பு ஐந்து ஆண்டுகள். கூட்டம் நடக்கும் நாளில் அந்த ஐந்தாண்டு எப்போது முடிகிறது என்று பலகையில் எழுதிவிடுங்கள்.

கப்பல்களின் கதை சற்று வேறு. அங்கே பன்னாட்டு உடன்படிக்கைகள் கப்பல் உரிமையாளர் மீது பொறுப்பைச் சுமத்திக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றன. அதே நேரத்தில் தொகைக்கு உச்ச வரம்பும் சில விதிவிலக்குகளும் உண்டு. ஆயினும் மும்பைக்கு அப்பால் 2011இல் மூழ்கிய 'ராக்' என்ற கப்பலுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் 100 கோடி ரூபாய் ஈடு விதித்தது. இலங்கையில் சுன்னாகத்து அனல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் கலந்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற அதே கோட்பாட்டின்படி மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்க ஆணையிட்டது. குடிக்கும் கிணற்றில் எண்ணெய் மிதந்தவர்களுக்கு அந்தத் தொகை போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். போதாது என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் கிணற்றுக்காரர்களும் மின்சாரம் பயன்படுத்தினார்களே என்று அந்த நீதிமன்றம் கேட்கவில்லை.

மூன்றாவது கேள்வியை முடிவுகளாக மாற்றுவது

எண்ணெய்ச் சார்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவரவர் வீட்டில் என்ன குறைக்கலாம் என்ற பட்டியலோடு பேச்சு முடிந்துவிடும். அதைத் தடுக்க, பொது முடிவுகளைப் பற்றி மட்டுமே இந்த நேரத்தில் பேச வேண்டும் என்று விதி வையுங்கள். உங்கள் பகுதியில் பேருந்துகள் எத்தனை ஓடுகின்றன, மின்சார ரயில் நிலையத்துக்கு நடந்து போக வழி இருக்கிறதா, புதிய தொட்டி வளாகமோ துறைமுக விரிவாக்கமோ வருகிறதா என்பவை கூட்டாக முடிவு செய்யப்படுபவை, கூட்டாகவே மாற்றக்கூடியவை.

புதிய திட்டங்களுக்குச் சட்டப்படி நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தவற விடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்; மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பிலான உயர் அதிகாரி தலைமை ஏற்க வேண்டும்; நடப்பதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். அங்கே நீங்கள் கேட்கும் கேள்வி பதிவில் ஏறிவிடும் என்பதால், உணர்ச்சியுரையைவிடத் துல்லியமான கேள்விகள் நீண்ட காலம் பயன் தரும். பெருமழையில் வளாகத்து நீர் எந்த வழியாக வெளியேறும், எண்ணெய் கலந்தால் எத்தனை மணி நேரத்தில் மிதவைத் தடுப்பு முகத்துவாரத்துக்கு வந்து சேரும், அது எங்கே வைக்கப்பட்டிருக்கும், ஊர் மக்களில் யாருக்கு முதலில் தகவல் வரும் என்று கேட்டு, விடையை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கூட்டத்தின் இறுதியில் மூன்று கேள்விகளுக்கும் மூன்று தனித் தீர்மானங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் யாரிடம் கேட்கிறோம், எதைக் கேட்கிறோம், எந்த நாளுக்குள் கேட்கிறோம் என்பது இருக்கட்டும். 'அனைவரும்', 'சம்பந்தப்பட்டவர்கள்' போன்ற சொற்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பதவியின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ எழுதுங்கள். தீர்மானங்களை அவையில் உரக்கப் படித்து, முதலில் பேசிய மீனவரிடமும் இறால் பிடிப்பவரிடமும், தாங்கள் சொன்னது இதில் இருக்கிறதா என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்குங்கள். ஒரு படியைச் சங்கத்திலும், ஒரு படியை ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் வைத்துவிட்டு, அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் எடுத்துப் பார்ப்பதற்கான நாளை அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.